செல்வாம்பாளின் மூக்கும் ஒரு ஸ்கேனும்

ஐயப்பனுக்கு மாலை போட்ட பதினெட்டாம் நாளே ஆதிமூலம் குடித்துவிட்டார் என்று 2006 கார்த்திகையில் கருவடிக்குப்பம் முழுக்கப் பேச்சு. பஜனையில் தள்ளாடினாராம், சரணம் சொல்ல நாக்கு குழறியதாம். குருசாமி கலியபெருமாளே நடுத்தெருவில் நின்று, "சாமி குடிச்சிருக்கு, மாலையைக் கழட்டப்போறேன்" என்று அறிவித்துவிட்டார். குருசாமி சொன்னபிறகு விசாரணை எதற்கு? இருந்தாலும் ஆதிமூலத்தின் மனைவி செல்வாம்பாளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவர். நாளெல்லாம் மல்லிகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாலும், கணவர் தெருமுனை திரும்பும்போதே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிடும் மூக்கு. சாராயக் கடைகளுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் அது லேசான தேர்ச்சி இல்லை. அந்த மூக்கு இப்போது விபூதி, சந்தனம் தவிர வேறெதுவும் இல்லை என்றது. போதாததற்கு, ஆதிமூலத்தின் வலது கை கட்டிய வேட்டியை இடது கை அவிழ்த்தது. குடிகாரனுக்கு இரண்டு கையும் ஒரே தப்பைத்தான் செய்யும் என்பது செல்வாம்பாளின் இருபது வருட அனுபவம்.

அழைத்துப்போன ஆஸ்பத்திரியிலும் "குடி கேஸ்" என்று ஓரமாகப் படுக்கவைத்தார்கள்.

"வாயை மோந்து பாருங்கம்மா. நான் பாத்துட்டேன்" என்றார் செல்வாம்பாள்.

டாக்டர் கார்குழலி நிஜமாகவே குனிந்து மோந்தார். ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேன் அறை வாசலில் ஸ்கேன் எடுக்கும் எழிலரசன் மறித்தார். "மாலையைக் கழட்டணும்மா. டாலரு, கம்பி எதுவும் உள்ள ஆவாது, காந்தம்."

மலைக்குப் போகாமல் கழற்றினால் குடித்ததை ஒப்புக்கொண்டதாக ஊர் சொல்லும். கழற்றாவிட்டால் ஸ்கேன் இல்லை. செல்வாம்பாள் குருசாமி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார்.

"கழட்டறேன்னீங்களே குருசாமி, வந்து கழட்டுங்க. ஆனா அங்கியே நின்னு திரும்பப் போடணும்."

கழற்றிய மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு முக்கால் மணி நேரம் ஸ்கேன் அறை வாசலில் குருசாமி நின்றார்.

கார்குழலி படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "மூளையோட ரெண்டு பாதியையும் சேக்கற பாலம் இது. வெள்ளையா தெரியுதே, அங்க கெட்டிருக்கு. அதான் ஒரு கை செய்யறது இன்னொரு கைக்குத் தெரியல. பல வருஷக் குடி, சத்தில்லாத உடம்பு. ரொம்ப அபூர்வமா வர்றது. ஆனா ரத்தத்துல இப்ப சாராயமே இல்ல."

நோயின் பெயர் மார்க்கியாஃபாவா-பிக்னாமி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில், இத்தாலிக்காரர் பெயரில் ஒரு வியாதி!

"இதத்தாம்மா காலையில இருந்து சொல்றேன்" என்றார் செல்வாம்பாள்.

குருசாமி மாலையைத் திரும்பப் போட்டார். அங்கேயே கைகூப்பி மன்னிப்பும் கேட்டார்.

"இது எனக்கு, சரி. தெருவுல சொன்னத தெருவுலதானே திருப்பிச் சொல்லணும்?"

வைட்டமின் ஊசிகள் தேற்றின. கோலூன்றி நடக்கிறார் ஆதிமூலம், வேட்டியைத் தானே கட்டிக்கொள்கிறார், குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பஜனைக்குச் செல்வாம்பாளிடம் பூ வாங்க வருகிறார் கலியபெருமாள்.

"எப்ப குருசாமி?"

"சொல்றேம்மா, நாலு பேரு கூடட்டும்."

இரண்டு வருடமாகக் கருவடிக்குப்பத்தில் நாலு பேர் கூடவே இல்லையாம்.