'மறுத்தார்' என்று ஒரு கட்டம்

வார்டில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் பெயர். நர்ஸ் வேலைக்கு வந்து பதினெட்டு வருஷம், நடந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் புருஷனோடு சண்டை போடுவதும் ஓட்டத்தில்தான். அப்பேர்ப்பட்டவளையே எட்டாம் படுக்கைக்காரர் திணறடித்துவிட்டார்.

பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போன பஸ் டிரைவர் அவர். ஒரு கரண்டி மசித்த சாப்பாட்டை விழுங்க முழுசாக இரண்டு நிமிஷம். பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். ஊட்டிவிட வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர், ஊட்ட இவள் ஒருத்தி. இரண்டு கரண்டி போவதற்குள் தட்டுகளை எடுக்கும் தள்ளுவண்டி வந்து நிற்கும். யார் சாப்பிட்டார் என்று குறிக்கும் தாளிலோ இரண்டே கட்டம்: 'சாப்பிட்டார்', 'மறுத்தார்'. எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். 'மறுத்தார்' என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடினாள். நான்கு நாள் இதே கதை. பாவம், அவள்தான் என்ன செய்வாள்!

ஐந்தாம் நாள் சாயங்காலம் டாக்டர் தாளைப் புரட்டினார்.

"நாலு நாளா மறுக்கிறார். மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்."

பார்வையாளர் நேரத்துக்கு வந்திருந்த டிரைவரின் மனைவி உடைந்துபோனார்.

"ஏங்க, என்மேல கோவமா? வாழவே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

டிரைவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. கண் மட்டும் எக்ஸ்பிரஸைத் தேடியது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அவர் ஒரு நாளும் மறுக்கல. எனக்குத்தான் நேரமில்ல. பொய் எழுதினது நான். டாக்டர், அவருக்கு டியூப் வேணாம், பக்கத்துல உட்கார ஆள்தான் வேணும்."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று பல்லைக் கடித்தார் தலைமை நர்ஸ்.

டிரைவரின் மனைவியும் திட்டப்போகிறார் என்று எக்ஸ்பிரஸ் தலை குனிந்துகொண்டாள். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"அட, அவ்வளவுதானா! இவர் பஸ் ஓட்டுறப்பவே சைக்கிள்காரன் முந்திட்டுப் போவான்மா. மத்தியானம் என்னை உள்ள விடுங்க, நானே ஊட்டுறேன்."

டாக்டர் டியூப் போட எழுதியிருந்த சீட்டைக் கிழித்தார்.

மறுநாள் பகலில் விளக்கம் கேட்டு எக்ஸ்பிரஸுக்கு மெமோ வந்தது. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். எட்டாம் படுக்கையில் மனைவி கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"மெதுவா சாப்பிடுங்க. பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல."

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பதினோராம் படுக்கைக்கு வரும்போது தள்ளுவண்டி வந்துவிட்டது. அவள் இரண்டு கட்டத்தையும் தொடவில்லை. ஓரத்தில் 'ஊட்ட நேரமில்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டாள்.