நீலமாகவே வந்த சாம்பிள்கள்

1. சில்லென்ற பாட்டில்

1997இல் தேனியில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் நாள் முதலாளி அழுத்திச் சொன்னது ஒன்றுதான்.

"டாக்டர் சுகர் மட்டும் எழுதியிருந்தாலும் ஆல்புமினும் பாத்துருங்கம்மா. சக்கர சத்தமில்லாம கிட்னிய அரிக்கும். வலிக்காது. ட்யூப்தான் சொல்லும்."

சர்க்கரைக்கு, பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். ஆல்புமினுக்கு, வேறொரு ட்யூபில் சிறுநீரின் மேல்பகுதியை மட்டும் சூடுகாட்டி, அசிட்டிக் ஆசிட் சில சொட்டு விடுவோம். வெள்ளையாகக் கலங்கி நின்றால் கிட்னி புரதத்தைக் கசியவிடுகிறது என்று அர்த்தம்.

தேவாரத்திலிருந்து ஒரு விவசாயி மாதாமாதம் வருவார். 2003 வாக்கில் ஒருநாள், அவர் நீட்டிய பாட்டில் சில்லென்று இருந்தது. அப்போதுதான் பிடித்தது என்றால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

"அண்ணே, பைப்புத் தண்ணி ஊத்துனீகளா?"

"லேசாத்தான் ஆத்தா. நேத்து கெடாவெட்டு. செங்கல் கலர் வந்தா டாக்டரு ஊசிக்கு மாத்திருவாக."

"அப்ப ரிப்போர்ட்டுல முனிசிபாலிட்டி பேரத்தான் எழுதணும்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வேறு பிடித்து வந்தார். அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். என் மகள் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. பதினொன்றில் அவளுக்கே சர்க்கரை வந்து, தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள்.

2. ஆயிரத்து இரண்டு

வாரம் ஒருமுறை செல்வியின் சாம்பிளையும் லேபுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பேன். விடிந்ததும் பிடித்து வைத்துவிடுவாள். நான் கிளம்பும்போது பாட்டில் ஆறிப்போயிருக்கும்.

அந்த வருஷத்திலிருந்து சாம்பிள் நீலமாகவே வந்தது. ஆல்புமினும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் மட்டும் சர்க்கரை ஏறியிருக்கும். பரீட்சை பயம் என்று டாக்டரிடம் நானே காரணம் சொன்னேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. ஒருநாள் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு ஒருவருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது, முதலாளி அந்தச் சிறுநீரில் யூரினோமீட்டரை மிதக்கவிட்டிருந்தார். அடர்த்தி காட்டும் கண்ணாடிக் கருவி அது. வெறும் தண்ணீரில் ஆயிரத்தில் நிற்கும்.

"யாரு சாம்பிளும்மா இது? ஆயிரத்து ரெண்டுல நிக்குது. சுருளி அருவியில பிடிச்சுட்டு வந்தாகளா?"

"என் மகளோடது சார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நாளைக்கு நீங்க கூட நின்னு பிடிச்சுட்டு வாங்க."

மறுநாள் செங்கல் நிறம். இன்னொரு ட்யூபில் மெல்லிய வெண்கலங்கல். ஆசிட் விட்டும் கரையவில்லை. எத்தனையோ பேருக்கு 'ட்ரேஸ்', அதாவது லேசான கசிவு, என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். முதலாளிதான் எழுதினார்.

வீட்டில் கேட்டேன். "ஏன்டி இப்படிச் செஞ்ச? தேவாரத்துக்காரரச் சொல்லி நாம சிரிச்சோமேடி."

"நீலம் வந்தாத்தான் அன்னைக்கு நீ சாப்புடுறம்மா. பச்ச வந்த அன்னைக்கெல்லாம் எனக்குச் சோத்தப் போட்டுட்டு, சட்டியக் கழுவிக் கவுத்திட்டுப் படுத்துக்கிட்ட."

அவள் சொன்னது உண்மை.

மதுரையில் காட்டினோம். ஆரம்பம்தான், சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் கிட்னியைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். ஐந்து வருஷமாக ட்ரேஸைத் தாண்டவில்லை.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், அடர்த்தியைப் பாருங்கள். நிறத்தைச் சொல்லும்போது முகத்தில் எதையும் காட்டாதீர்கள். உங்கள் முகத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம் நிறத்தைச் சொல்கிறேன். பிறகு இரண்டு தட்டு எடுத்து வைக்கிறேன், எந்த நிறமாக இருந்தாலும்.