வெறும் வயிற்றோடு வரச் சொன்னது நான்தான்

ஸ்டெல்லா அக்காவைச் சாப்பிடாமல் வரச் சொன்னது நான். அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் கணவரிடம் பொய் சொன்னதும் நான். நான்கு ஆண்டுகளாக இதை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கொழுப்பைக் குறைப்பது, வயிற்றுத் தசைகளையும் இடுப்பையும் பலப்படுத்துவது, இதுதான் என் பிழைப்பு. ஸ்டெல்லா அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். நாற்பத்து நான்கு வயது. அறுவைப் பிரசவத்துக்குப் பிறகு வயிறு தளர்ந்துபோய், ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். சர்க்கரை நோயும் இருந்தது. எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பியிருந்தார்.

முதல் நாள், முழங்கைகளையும் கால் விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி உடம்பைப் பலகைபோல நீட்டி நிறுத்தச் சொன்னேன். எட்டு விநாடிதான் தாங்கினார். பொத்தென்று பாயில் விழுந்து சிரித்தார்.

"எனக்கு வயிறே இல்ல மேடம். வெறும் தொப்பைதான் இருக்கு."

நான்கு மாதங்களில் எட்டு விநாடி ஒன்றரை நிமிடமாயிற்று. சோற்றைக் குறைத்தார், முட்டை, சுண்டல், கீரை என்று தட்டை மாற்றினார். ஒன்பது கிலோ இறங்கியது. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பூசையில கடைசிவரைக்கும் முட்டி போட்டே இருந்தேன் மேடம், முதுகு ஒண்ணும் பண்ணல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதுவரை நான் செய்தது நல்ல காரியம்தான். அங்கேயே நின்றிருக்கலாம்... ஏன் நிற்கவில்லை?

சிதம்பரம். மேலவீதிக்குப் பக்கத்தில் இரண்டாவது வகுப்பைத் திறக்க முடிவு செய்திருந்தேன். விளம்பரத்துக்கு ஒரு பெண்ணின் பழைய படமும் புதிய படமும் வேண்டும். ஸ்டெல்லா அக்காவின் பழைய படம் என்னிடம் இருந்தது. புதிய படத்துக்கு இன்னும் நான்கு கிலோ குறைந்தால் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அல்ல, எனக்குத் தோன்றியது.

இரவு உணவை நிறுத்தச் சொன்னேன். பிறகு காலை உணவையும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், நான் காலைல சுகர் மாத்திரை போடுறேன்ல. சாப்பிடாம வந்தா கை நடுங்குது. வேர்த்து ஊத்துது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொழுப்பு கரையுதுக்கா. அப்படித்தான் இருக்கும்."

தெரியாமல் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா பல வருடங்கள் அதே மாத்திரையைப் போட்டவர். போட்டுவிட்டுச் சாப்பிடச் சற்றுத் தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அவர் கை நடுங்கும். அம்மா சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அந்த நடுக்கத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவர் மறுபடியும் இட்லிக்குப் போய்விடுவார், படம் தள்ளிப்போகும்.

படம் எடுப்பதற்கு முந்தைய நாள் மாலை வாட்ஸப்பில் அனுப்பினேன்: "காலையில் எதுவும் சாப்பிட வேண்டாம். வயிறு உப்பிவிடும். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள்."

சொன்னபடியே வந்தார். படம் எடுப்பவர் ஒரு மணி நேரம் தாமதம். அக்கா இரண்டு முறை சுவரில் சாய்ந்தார். என் பையில் வாழைப்பழம் இருந்தது. கொடுக்கவில்லை. படம் முடியட்டும் என்றிருந்தேன். முடிந்ததும் கேமராவின் சிறிய திரையில் எந்தப் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பதில் மூழ்கிவிட்டேன். "வரேன் மேடம்" என்ற குரல் கேட்டது. நாக்குக் குழறியது போலத்தான் இருந்தது... நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படத்துக்காக அன்று விடுப்பு எடுத்திருந்தவர், வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். கணவர் சேவியர் அண்ணன் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்கு லாரியில் கரும்பு ஏற்றிப் போயிருந்தார். மகள் ரெஜினா பள்ளியில். மாலை நான்கு மணிக்கு அவள் வந்து எழுப்பியபோது அம்மா எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்த மூளை பழையபடி திரும்பவில்லை.

செய்தி வந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்த வாட்ஸப் செய்தியை இரண்டு பக்கமும் அழித்தது. மருத்துவமனைக்குப் புறப்பட்டது அதற்குப் பிறகுதான்.

சேவியர் அண்ணன் என்னை வராந்தாவில் ஓரமாக அழைத்துப் போனார்.

"மேடம், டாக்டரு திட்டுறாரு. மாத்திரையைப் போட்டுட்டு யாராச்சும் சாப்பிடாம இருப்பாங்களான்னு கேக்குறாரு. நீங்களா சாப்பிட வேணாம்னீங்க?"

"ஐயோ, இல்லண்ணே. நான் சாப்பிட்டுட்டுதான் வரச் சொன்னேன். அக்காதான் சீக்கிரம் எளைக்கணும்னு..."

"அவ போன்ல நீங்க என்னமோ அனுப்பிட்டு அழிச்ச மாதிரி இருக்கே?"

"வேற ஆளுக்குப் போக வேண்டியதுண்ணே. மாறி வந்துடுச்சு."

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார்! என்னை அறைந்திருக்கலாம். நம்பாமலாவது இருந்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வலது கை மடங்கிக் கிடந்தது. அண்ணன் லாரியை விட்டுவிட்டு உள்ளூரிலேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மனைவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"பிசியோதெரபி பண்ற பொண்ணு ஆச்சரியப்படுது மேடம். இந்த மாதிரி ஆளுங்க சாஞ்சு விழுந்துடுவாங்களாம். இவளுக்கு வயித்துத் தசை ஜாஸ்தி பலமா இருக்குறதால நேரா உக்காருறாளாம். எல்லாம் நீங்க குடுத்த பயிற்சி." பிறகு மனைவியின் வாயைத் துடைத்தபடி, "இவளுக்குத்தான் பேராசை. நீங்க சொன்னதைக் கேக்காம பட்டினி கெடந்து இப்படிப் பண்ணிக்கிட்டா" என்றார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்ததா? எனக்குத் தெரியாது. தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் எழுந்தது. "சும்மா இரு, மேடம் வந்திருக்காங்கல்ல" என்று அண்ணன் அதட்டினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்தப் படத்தை நான் பயன்படுத்தவில்லை. அதை ஒரு நல்ல குணமாக எண்ணிவிடாதீர்கள். அது வெறும் பயம். கடலூர் வகுப்பை மூடினேன். சிதம்பரத்தில் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களை மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்கிறேன். எவராவது கை நடுங்குகிறது என்றால் அந்த நொடியே குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறேன். மிகவும் பொறுப்பான ஆள் என்கிறார்கள்.

சென்ற மாதம் சேவியர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். ரெஜினா சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம், விடுதியில் தங்கியிருக்கிறாளாம். அம்மாவைத் தூக்கி இறக்கி அவளுக்கும் இடுப்பு வலி வந்துவிட்டதாம்.

"உங்ககிட்டயே அனுப்புறேன் மேடம். அவ அம்மா மாதிரி இல்ல. நீங்க சொல்றதை அப்படியே கேப்பா. கண்டிஷனா சொல்லித்தான் அனுப்புறேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே... என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல், "அனுப்புங்கண்ணே" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள். முதல் வரிசையில் பாயை விரிக்கிறாள். இன்று காலை வகுப்பு முடிந்ததும் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னென்ன சாப்பிடணும், சொல்லுங்க மேடம். எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.