பீங்கான் அடுப்பில் பால்

மாலை நான்கு நாற்பதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தும்போதே கரி எரியும் வாசனை வந்தது. நாங்கள் விலைக்குப் பார்க்க வந்த அடுப்பை, விற்கிறவர் முன்கூட்டியே பற்றவைத்திருந்தார்.

அது பழைய பீங்கான் கரி அடுப்பு. பெரிய முட்டை ஒன்றைக் காலில் நிறுத்தி, மேல்பாதியைக் கீல் வைத்த மூடியாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வெளிநாட்டு இன்ஜினீயர்கள் தங்கிய விடுதி ஒன்றை மூடியபோது, அங்கே சமைத்துக்கொண்டிருந்த இவர் எடுத்துவந்தது. என் மகள் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் புதுவாயலில் மீன் சுட்டு விற்கக் கடை போடுகிறாள். அவள் சேமிப்பு முழுக்க இந்த ஒன்றில்தான் போகப்போகிறது. அந்தப் பயத்தில் ஒரு வாரமாக வீடியோக்களாகப் பார்த்துவிட்டு நானும் கூடப் போனேன். வெளி ஓடு பளபளத்தால் போதாது. கரி எரிகிற உள்சட்டியைத் தூக்கி வெளியே வைத்து விரிசல் பார்க்க வேண்டும். அது விண்டிருந்தால் நாளாவட்டத்தில் மொத்த அடுப்பும் போய்விடும்.

"உள்சட்டியப் பாக்கணும். நெருப்ப அணைச்சிடுங்க" என்றேன்.

"இன்னா சார், நல்ல காரியத்துக்கு வந்துட்டு அணைக்கச் சொல்றீங்க? பாப்பா மொத மொத கடை போடுது. பால் பொங்க வச்சி கையில குடுக்கலாம்னு பாக்கெட்டு கூட வாங்கி வச்சிக்கினு கீறேன்."

மகளின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் பால் பாத்திரத்தைக் கம்பித்தட்டில் வைத்தார். பானை வாங்குவதுபோல விரல் முட்டியால் வெளி ஓட்டைத் தட்டினேன். கணீரென்றது.

"கேட்டீங்களா? கோயில் மணி சார்!"

உள்சட்டியோ கனலுக்கும் சாம்பலுக்கும் அடியில் கிடந்தது.

"பால எறக்கும்மா. ஆறட்டும், நாளைக்கு வந்து பாப்போம்."

"வச்ச பால யாராவது பாதில எறக்குவாங்களா நைனா? கம்முனு இரு."

"பொண்ண மாமியார் ஊட்டுக்கு அனுப்புறா மாதிரி பயப்படறாரு உங்க நைனா" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பால் பொங்குவதாக இல்லை. புகை பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்று கீழே காற்று போகும் துளையை அடைத்து, மூடியையும் சாத்தினார். அப்படி அடைத்த அடுப்பைச் சட்டென்று திறக்கக் கூடாது, விரல் அளவு தூக்கிக் காற்று விட்டுத்தான் திறக்க வேண்டும் என்றேன்.

"வருஷக் கணக்கா இதுலதான் சார் சமைச்சிக்கினு இருந்தேன்."

நடுநடுவே அட்வான்ஸை அனுப்பச் சொல்லி நச்சரித்தார். மகள் போனை எடுத்தாள். நான் அதைத் தடுக்கக் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் மூடியை ஒரே தூக்காகத் தூக்கினார்.

குப்பென்று எழுந்த தீ, எட்டிப் பார்த்தவளின் முகத்துக்கே வந்தது. தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஒரு புருவத்தில் பாதியும் நெற்றி முடியும் பொசுங்கிவிட்டன. கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொசுங்கல் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை.

"பால் பொங்கிடுச்சி பாரு பாப்பா!" என்றார் அவர்.

கண்ணில் நீர் வழிய, "எனக்கு ஒண்ணுமில்ல நைனா, வாங்கிடலாம்" என்றாள் மகள். நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். பார்க்காத சட்டியைப் பற்றி நான் என்னவென்று சொல்வது? கீழே விழுந்த போனைத் தேடி எடுத்து, பணம் அனுப்ப அவரிடம் நம்பர் கேட்டாள்.

அப்போதுதான் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. ஷிப்ட் முடிந்து இறங்கிய அவர் மனைவி, யூனிபார்மோடு உள்ளே வந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீர் மொண்டுவந்து தன் துப்பட்டாவை நனைத்து அவள் நெற்றியில் ஒற்றினார்.

"இத்தப் போயி எதுக்கும்மா வாங்குற? உள்சட்டி ரெண்டா புட்டுக்கினு கெடக்குது. நான்தான் கம்பி போட்டுக் கட்டி வச்சேன்."