இடது காதுக்கு மேலே மூன்று அங்குலம்

தெருவில் எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார். பட்டாளத்தில் பதினோரு வருடம் முடி வெட்டியவர். ஓய்வு பெற்று வந்ததாக அவர் சொன்னதை ஊர் நம்பியது. கட்டிக்கொடுத்த மகளும் நம்பினாள். விரட்டிவிட்டார்கள் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். பென்ஷன் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், "அரசாங்கம்னா அப்படித்தான்" என்று தன் சவரக் கடையில் நுரையை அடித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

விரட்ட வைத்தவன் இப்போது தேர்தலில் நின்றான். ஊருக்கு அவன் கேப்டன். போர்முனையையே பார்க்காதவன் நெஞ்சில் வீரப்பதக்கம் எப்படி வந்தது என்று எதிர்க்கட்சி கேட்டது. அவன் அசரவில்லை. மேடைக்கு மேடை தலையைக் குனிந்து, இடது காதுக்கு மேலிருந்த தழும்பைக் காட்டினான். "ஏடு பொய் சொல்லலாம், காயம் பொய் சொல்லுமா? குண்டுச் சிதறல் கிழிச்சது!" கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கடைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த பட்டாளத்தார் நுரைக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தார். கிழித்தது அவருடைய சவரக்கத்தி. போர்முனைக்கு நூறு மைல் தள்ளி, முகாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், டீ ஆறிப்போனதென்று வேலையாளைத் திட்ட வெடுக்கென்று தலையைத் திருப்பினான். திருப்பியது அவன், வேலை போனது இவருக்கு. போனது போகட்டும், அதே காயத்துக்குப் பதக்கமுமா?

வீட்டில் பெட்டிக்கு அடியில் கிடந்த நீக்க உத்தரவை எடுத்தார். கேப்டன் மேடையில் சொல்லும் அதே தேதி. 'சவரம் செய்கையில் அதிகாரியின் இடது காதுக்கு மேல் மூன்று அங்குலக் காயம் ஏற்படுத்திய கவனக்குறைவு.' கீழே முத்திரை.

மனைவி அதைப் பறித்தாள். "எதிரிக்குச் சகுனத் தடைன்னு மூக்க அறுத்துக்கப் போறீங்களா? நாளைக்கு உங்க கத்திக்கு யாரு கழுத்த நீட்டுவா? பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"என் மூக்கு போகட்டும். இருபது வருஷமா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். கொடு."

மறுநாள் கேப்டனின் கூட்டம் அதே தெருவுக்கு வந்தது. பழைய பட்டாளத்துக்காரர் வாழ்த்த வருகிறார் என்று கட்சிக்காரர்களே கைகொடுத்து அவரை மேடையேற்றினார்கள். மைக்கை வாங்கி, உத்தரவை முதல் வரியிலிருந்து முத்திரை வரை நிதானமாகப் படித்தார். "தலைய இன்னும் நல்லா குனிங்க சார், என் வேலைய எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். கேப்டன் கையால் தழும்பை மூடிக்கொண்டான். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்; பிறகு தெருவே சிரித்தது. பட்டாளத்தார் கண்ணை மூடி அதை ஆசைதீரக் கேட்டார். அன்று மாலையே கேப்டனின் சட்டையில் பதக்கம் இல்லை, தலையில் தொப்பி இருந்தது.

அடுத்த நாள் மதியம்வரை கடைக்கு ஒருவரும் வரவில்லை. எதிர்க் கடையில் வரிசை நின்றது. மகள் போனை எடுக்கவில்லை. அவன் ஒழிந்தான் என்ற நினைப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் கத்தியைத் தீட்டுவதும் வைப்பதுமாகவே பொழுது போனது.

சாப்பாட்டோடு வந்த மனைவி எதிர் வரிசையை ஒரு முறை முறைத்துவிட்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"பின்கழுத்துல முடி உறுத்துது. கத்தியாலயே எடுங்க."

"எல்லாரும் பார்க்கிறாங்க…"

"பார்க்கட்டும், கதவ நல்லாத் திறந்து வைங்க. நான் தலையத் திருப்ப மாட்டேன்."