பத்மநாபபுரம் அரண்மனையில் கணியம் பார்த்த ஞாயிறு

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் கணவரின் கண்கள். அருளப்பன் கடியப்பட்டணத்தில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். இருட்டில் பார்வை போய்விட்டது, பக்கப் பார்வையும் சுருங்கிக்கொண்டே வரும், நிறுத்த மருந்தில்லை என்று நாகர்கோவில் கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படியும் மனிதர் ராத்திரித் தொழிலை விடவில்லை. கூடப் போகும் மூன்று பேரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கால் தவறினால் கடல்தான். சொல்லிவிடுங்கள் என்று நான் கெஞ்சாத நாளில்லை.

"சொன்னா நாளைக்கே எனக்க இடத்துல வேற ஆளு ஏறிருவான். நீ வாய வச்சிட்டு சும்மா கிட ஏட்டி" என்பார்.

சரி, அந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், கண் இருக்கும்போதே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவோம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஞாயிறு எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. நவம்பரில் ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்த கையோடு கிளம்பினோம்.

எங்கள் ஊரிலிருந்து திங்கள்சந்தை போய், பஸ் மாறித் தக்கலை. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் அவருக்கு மட்டும் டிக்கெட். "ஒன்னக் கூட்டிட்டு வாறது லாபம்தான்" என்று கண்டுபிடித்தார். தக்கலையிலிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தோம். பத்தரைக்கு வாசலில் நின்றோம். இடம் நம் மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இணையத்தில் பார்த்த படங்களில் எல்லா அறையும் பளிச்சென்று இருந்தது. அதை நம்பித்தான் கூட்டிப் போனேன். முன்மண்டபமான பூமுகம் வரை பிரச்சினை இல்லை. மரக்கூரையில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து குறுகலான மரப்படி ஏறி ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் நுழைந்ததும்தான் என் புத்திக்கு உறைத்தது. வண்ணக் கண்ணாடி போல ஒளிரும் சின்னச் சன்னல்கள், மற்றபடி மங்கல், கறுப்புத் தரை. வெயிலிலிருந்து வந்த எனக்கே கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. அவர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணும் தெரியல்ல ஏட்டி."

கையை நீட்டினேன். தட்டிவிட்டார். "ஞாயித்துக்கெழம. நம்ம ஊருக்காரன் எவனாவது நிப்பான்."

இருட்டில் கண் தெரியாதவரை மாவட்டத்திலேயே இருட்டான வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வீட்டுக்குப் போலாமா?" என்றேன்.

"டிக்கெட் எடுத்தாச்சி. உள்ள என்ன கிடக்கு, சொல்லு."

"அழகா இருக்கு. மரத்துல வேலப்பாடெல்லாம்..."

"அழகா இருக்குண்ணா நான் எங்க வலை போட? கணியம் சொல்லு."

கரைக்கு வெளியே உள்ளவர்களுக்காக: கடலுக்கடியில் மீன் கிடக்கும் பாறையை மறுபடி கண்டுபிடிக்க, கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை நேர்க்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கோயில் கோபுரம் வேளிமலையின் இன்ன முடிக்கு நேரே வந்தால் இந்த இடம், என்று. அதுதான் கணியம். ஜிபிஎஸ் வந்த பிறகும் எங்கள் ஆட்கள் இதை விடவில்லை. அரண்மனை இருப்பதே அந்த வேளிமலையின் அடிவாரத்தில்தான்.

எனக்கும் ரோசம் வந்தது. அவருக்கும் மங்கலாகத் தெரிந்த இரண்டு சன்னல் வெளிச்சத்தை அடையாளமாக எடுத்துக்கொண்டேன். "இடது சன்னலுக்கு நேர் கீழ ஒரு நாற்காலி. அதுக்கும் வலது சன்னலுக்கும் நடுவுல தூண். தூணுக்குப் பின்னால வாசல், குனியணும்."

மெல்ல நடந்தார். தூணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். "இப்ப சொல்லு, தூணுல என்ன இருக்கு?" சொல்ல வேண்டுமே என்று அப்போதுதான் நானும் அந்தத் தூணைப் பார்த்தேன். சொல்லப் போனால், பள்ளிச் சுற்றுலாவில் இதே அரண்மனையைச் சுற்றியிருக்கிறேன். அன்று பார்த்தது முன்னால் போன பிள்ளையின் சடையை மட்டும்தான்.

இப்படியே அறை அறையாகப் போனோம். மூலிகை மரங்களால் செய்த ராஜாவின் கட்டிலருகே அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி என் தொண்டை வற்றியது. நடுவில் மதிய இடைவேளை. சாப்பிட்டு வந்து, வெளிக்கட்டடத்திலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போனோம். கல் சிலைகள், நல்ல வெளிச்சம். அங்கே நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் சிலையின் முன் நின்றார். குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவருக்குத் தெரியும். முகம் தெரிந்தால் கை தெரியாது. முகத்தைப் பார்த்து முடித்து, கழுத்துக்கு இறங்கி, கைக்கு வந்து, விரல் விரலாகப் பார்த்தார். பின்னால் வந்த கூட்டமெல்லாம் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விட்டது.

காவலர் வந்து, "அடைக்கான் சமயமாயி" என்று மலையாளத்தில் மூடும் நேரத்தை நினைவூட்டினார்.

"நில்லும் சார், கால் இன்னும் பாக்கல்ல" என்றார் என் கணவர். காவலர் சிரித்துவிட்டு, மற்ற சன்னல்களை முதலில் சாத்தப் போனார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடிவிடுவார்கள், அதனால் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். கட்டணத்தை அன்றைய பலகையில் பாருங்கள். வாசல்கள் தாழ்வு, படிகள் செங்குத்து. மேல்தளச் சுவரோவியங்களை நாங்கள் போனபோது திறந்து காட்டவில்லை. கண் சரியில்லாதவர்களைக் கூட்டிப் போனால் ஒவ்வொரு அறை வாசலிலும் சற்று நிறுத்துங்கள்; தயவுசெய்து "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள்.

தக்கலை பஸ் நிலையத்தில் பஸ் வரத் தாமதம். இருட்டிவிட்டது. கூட்டம் வேறு. பஸ் வந்து நின்றதும், அத்தனை பேர் முன்னாலும் அவர் கை என் தோளைப் பிடித்தது. ஏறி உட்கார்ந்தும் எடுக்கவில்லை. மற்றக் கையால் போனை எடுத்து, கூடத் தொழில் செய்யும் ஜெரோமைக் கூப்பிட்டார்.

"ஏலே மக்கா, எனக்கு ராத்திரி கண்ணு தெரியாது கேட்டியா. ஆமாலே, கொஞ்ச காலமா. பகல் தொழிலுக்கு வாறேன். எதுக்கு நேரே எது கிடக்குண்ணு நீங்கதான் சொல்லித் தரணும்."