பிறைக்குப் பூஜ்யம்

போன வியாழக்கிழமை, நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி பரீட்சையில் பூஜ்யம் வாங்கியதை நேரில் பார்த்தேன்.

பெயர் மெஹருன்னிசா. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் ஜாக்கெட் தைக்கிறாள். பதினைந்து வருடப் பழக்கம். ‘அவர்’ என்று மரியாதையாக எழுதினால் படித்துவிட்டுச் சிரிப்பாள்... அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

தைக்கக் கொடுக்கத் துணியோடு போயிருந்தேன். மிஷின் ஓடவில்லை. மெஹரு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“என்ன மெஹரு? உடம்பு சரியில்லையா?”

“நான் ஃபெயிலாயிட்டேன்க்கா.”

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நாலு மாதம் முன்பு, புது மாதிரி காலர் வெட்டுவது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாளாம். அது முடிந்ததும் அடுத்ததாகத் தானாகவே இன்னொன்று ஓட ஆரம்பித்தது. ஒரு பேராசிரியர் ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு, நிலா ஏன் தேய்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். மெஹரு தைப்பதை நிறுத்திவிட்டாள். கீழே ஒரு லிங்க். ஒரு பல்கலைக்கழகத்தின் வானியல் கோர்ஸ். இலவசம். யார் வேண்டுமானாலும் சேரலாம். என்ன படித்திருக்கிறாய் என்று கூடக் கேட்கவில்லை.

நானும் இந்த மாதிரி இலவசக் கோர்ஸ்களில் சேர்ந்திருக்கிறேன். தோட்டக்கலை, தத்துவம், ஸ்பானிஷ்... எல்லாவற்றிலும் முதல் வாரத்தை அமோகமாக முடித்திருக்கிறேன். சேருவதற்கு ஒரு பட்டன் போதுமே! இரண்டாவது வாரத்துக்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

மெஹருவோ எட்டு வாரப் பாடத்தில் ஏழு வாரத்தைத் தாண்டிவிட்டாள். காதில் பாடம், காலில் மிஷின். பக்கத்தை அப்படியே தமிழில் மாற்றும் பட்டனை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தரும் தமிழ் சில சமயம் தமிழாகவே இருக்காது. “தப்பா தச்சத பிரிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சுக்குவேன்க்கா” என்பாள்.

கடைசிப் பாடத்துக்கு ஒரு செய்முறை. பதினான்கு நாள், சூரியன் மறைந்ததும் நிலாவைப் பார்த்து, பார்த்தபடியே வரைய வேண்டும். மெஹரு கறுப்பு லைனிங் துணியில் கட்டம் போட்டு, துணி வெட்டக் கோடு போடும் சாக்பீஸால் பதினான்கு நிலா வரைந்தாள். அந்தத் துணியை எனக்குக் காட்டினாள். நூல் மாதிரி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, கடைசிக் கட்டத்தில் முழு வட்டம். அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இந்தக் கோர்ஸில் வாத்தியார் திருத்துவதில்லை. உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு மாணவர்தான் திருத்துவார். மெஹருவுக்கு வாய்த்தவர் நார்வேக்காரர். பூஜ்யம் போட்டு, காரணமும் எழுதியிருந்தார்: ‘பிறை நிலா நின்றுகொண்டிருக்கும். நீங்கள் படகு மாதிரி படுக்க வைத்திருக்கிறீர்கள். வானத்தைப் பார்க்காமல் வரைந்ததுபோல் தெரிகிறது.’

“ஒன்பதாவதுல இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு சொல்லித்தான் நிறுத்துனாங்க. சரியாத்தான் சொல்லிக்கிறாங்க போல” என்றாள் மெஹரு.

ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் இருந்தது. வேறு படம் அனுப்பலாம். இல்லையென்றால் மறுப்பு எழுதலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய புத்திசாலி மாதிரி இணையத்தில் பிறைப் படம் தேடினேன். எல்லாப் படத்திலும் பிறை அடைப்புக்குறி போல நின்றுகொண்டிருந்தது.

“இதைப் பார்த்து அப்படியே வரைஞ்சு அனுப்பிடு மெஹரு. பாஸ் ஆயிடலாம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

“நான் பாக்காதத எப்படிக்கா வரையறது? வருஷா வருஷம் நோன்புக்குப் பிறை பாக்கறோம். எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்குதுன்னு? நேத்துதான் அமாவாசை. சனிக்கிழமை மாடிக்கு வாங்க. நீங்களே பாருங்க.”

சனிக்கிழமை போனேன். அவள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் உலர்ந்த துணிகள். தூரத்தில் ஏகாம்பரநாதர் கோபுரம் கறுத்துக்கொண்டு வந்தது. மேற்கே வானம் முதலில் ஆரஞ்சு, அப்புறம் ரோஸ், அப்புறம் பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம். மசூதியில் பாங்கு சொல்லி முடிந்தது. கீழே ஆட்டோ சத்தம் எங்கோ வேறு ஊரில் கேட்பது போலிருந்தது. இப்படிச் சும்மா வானத்தைப் பார்த்து நின்று எனக்கு எத்தனை வருடம் ஆயிற்று?

“அதோ” என்றாள்.

முதலில் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. மெல்லிய வெள்ளைக் கீற்று... இரண்டு முனையும் மேலே பார்க்க, அலையில்லாத தண்ணீரில் விட்ட படகு மாதிரி, சொகுசாகப் படுத்திருந்தது.

ஐம்பத்தெட்டு வயது எனக்கு. இந்த ஊரிலேயே பிறந்தவள். இந்தப் பிறையை எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஆனால் இணையத்தில் நாலு படத்தைப் பார்த்ததும், நின்ற பிறைதான் சரி என்று ஒரு நிமிடத்தில் நம்பிவிட்டேன்.

மெஹரு ஃபோனில் படம் எடுத்தாள். சின்னதாகத்தான் விழுந்தது, ஆனாலும் படுத்திருப்பது தெரிந்தது. மறுப்பை நான் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்றேன்.

“நான் சொல்றேன், நீங்க அப்படியே மாத்தி டைப் பண்ணுங்க. சண்ட போடுற மாதிரி இருக்கக்கூடாதுக்கா. அவருக்கும் தெரிஞ்சதத்தானே சொல்லிக்கிறாரு.”

அவள் சொன்னது இவ்வளவுதான்: ‘ஐயா, நான் பார்த்துத்தான் வரைந்தேன். எங்கள் ஊரில் பிறை படுத்திருக்கிறது. இன்று எடுத்த படம் இத்துடன் உள்ளது. உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்.’

ஞாயிறு பதில் இல்லை. திங்கள் இல்லை. மெஹரு ஒரே ஜாக்கெட் கையை இரண்டு முறை தவறாக வெட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். “பதில் வந்திருக்குக்கா, நான் இன்னும் திறக்கல. நீங்களே படிங்க.”

பதில் நீளமாகவே இருந்தது. அந்த நார்வேக்காரர் பஸ் ஓட்டுகிறவராம். அறுபத்திரண்டு வயது. ஊரைவிட்டு அதிகம் போனதில்லை. பிறை நிற்பதையும் சாய்வதையும் பார்த்திருக்கிறாரே தவிர, இப்படி முழுக்கப் படுத்திருப்பதைப் பார்த்ததே இல்லையாம். மெஹருவின் படத்தைப் பார்த்த பிறகு பாடத்தை மறுபடி புரட்டியிருக்கிறார். பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்களில் பிறை படுத்தபடி தெரியும் என்று ஆறாவது வாரத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அவர் அதை ஓட்டிவிட்டுத் தாண்டியிருக்கிறார். ‘நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். நான் என் ஊர் வானத்தை மட்டும் பார்த்தேன். மன்னியுங்கள்’ என்று எழுதி, முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

மெஹரு ஃபோனை வாங்கி அந்த மதிப்பெண்ணைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, “அங்க பஸ் ஓட்டறவங்க கூடவாக்கா நிலாவப் படிக்கிறாங்க?” என்றாள்.

“ஏன், இங்க ஜாக்கெட் தைக்கிறவங்க படிக்கலையா?”

அப்போதுதான் அழுதாள்.

இலவசமாகப் படிக்க எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதுகிறீர்கள். பல்கலைக்கழகங்கள் தருகின்றன, அரசாங்கம் தருகிறது, வீடியோக்களும் மின்னூல்களும் கொட்டிக் கிடக்கின்றன. உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தின் பெயரோடு ‘இலவசக் கோர்ஸ்’ என்று தேடினாலே போதும். கிடைப்பது கஷ்டமே இல்லை. அதில் வருவதையும் மாடிக்குப் போய் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று அளவு கொடுக்கப் போனேன். மெஹரு அடுத்த கோர்ஸில் சேர்ந்துவிட்டாளாம். கடல் பற்றியது. கடல்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டுமாம்.

“காஞ்சிபுரத்துல கடலுக்கு எங்கே போவே?” என்றேன்.

“மகாபலிபுரத்துக்கு பஸ் இருக்குதேக்கா!”

ஜன்னல் சீட் எனக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.